டிராக்டரில் காலியாகக் கிடக்கும் மரைத் துளைகள்: எதற்கு இருக்கின்றன, துரு ஏறாமல் எப்படி வைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். இரண்டு வருடம் ஓடிய 45 குதிரைத்திறன் டிராக்டர். முன் ஆக்சில் தாங்கியின் இரண்டு பக்கமும், கிளட்ச் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் வார்ப்புக் கூடு) பக்கவாட்டிலும், பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேலும் கீழும் போல்ட் இல்லாத மரைத் துளைகள் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன. போல்ட் ஏதும் விழுந்துவிட்டதா? துளைகளுக்குள் துரு தெரிகிறது, கிரீஸ் அடைத்துவிட்டால் போதுமா? முன்பக்கத்தில் ஒரு துளையில் போல்ட்டே நுழையவில்லை, அதை என்ன செய்வது?

உங்கள் வண்டியில் எந்த போல்ட்டும் விழவில்லை. அந்தத் துளைகள் கம்பெனியிலிருந்து வரும்போதே காலியாகத்தான் வந்திருக்கும். மன்னார்குடி பக்கம் இருபத்திரண்டு வருடமாக டிராக்டர் வேலைதான் பார்க்கிறேன். புது வண்டி வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் சர்வீஸில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் கேட்காமல் விட்டு, எட்டு வருடம் கழித்து லோடர் (முன்னால் மாட்டுகிற மண் அள்ளும் கருவி) மாட்ட வந்து நிற்கிறார்கள். அதனால் நீங்கள் இரண்டாவது வருடத்திலேயே கேட்டது நல்லது.

துளைகள் ஏன் இருக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன். காருக்கும் லாரிக்கும் இருப்பது போல நம் டிராக்டர்களுக்குத் தனியாக இரும்புச் சட்டகம் (சேஸ்) கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பெட்டி, பின் ஆக்சில் ஹவுசிங் எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டு இணைந்து, அதுவே வண்டியின் முதுகெலும்பாக நிற்கிறது. 1917-ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் இந்த முறையில் பெரும் எண்ணிக்கையில் வந்தது. இன்று நாம் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலானவை அதே வழிதான். சட்டகம் இல்லாததால், வெளியிலிருந்து எதை மாட்டினாலும் இந்த வார்ப்பிரும்பு உடம்பில்தான் மாட்ட வேண்டும். முன் எடைக் கட்டை, பம்பர், லோடரின் பக்கத் தகடு, மேற்கூரைக் கம்பி, மட்கார்டு, டிரெய்லர் இழுக்கும் ஹூக், எல்லாவற்றுக்கும் இடம் அங்கேதான். அது போக, 35 குதிரைத்திறன் வண்டிக்கும் 50 குதிரைத்திறன் வண்டிக்கும் பல நேரம் வார்ப்பு ஒன்றேதான். எல்லாத் துளையையும் ஒரே தடவையில் போட்டு மரை வெட்டிவிடுவார்கள். உங்கள் மாடலுக்குத் தேவையில்லாதது காலியாக நிற்கும்.

ஆக அந்தத் துளைகள் நாளைக்கு நீங்கள் வாங்கப்போகிற ஏதோ ஒன்றுக்கான இடம். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் லோடர் மாட்ட நினைத்தால், அவருக்கான இடமும் அதுதான். ஒரு துளையில் மரை போய்விட்டால் மாற்றுவதற்குத் தனி உதிரிபாகம் கிடையாது. சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் கிளட்ச் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும், அதற்கு வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும்.

இனி துரு. மரை வெட்டிய இடத்தில் பெயின்ட் இருக்காது, இருக்கவும் கூடாது. வெறும் இரும்பு வெளியே தெரிகிற இடம் அது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்துவிட்டால் மேலோடு செம்மை படரும், அவ்வளவுதான். தண்ணீர் உள்ளே தங்குவதுதான் கெடுதல். தொளி உழவில் (சேற்றுழவு) கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் வாரி அடிக்கிற சேறு துளைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வாய்ப்பக்கம் காய்ந்து ஓடு மாதிரி ஆகிவிடும், உள்ளே பத்து நாள் ஆனாலும் ஈரம் இருக்கும். வாய்ப்பக்கம் காற்றுப்படுகிறது, அடிப்பக்கம் காற்று இல்லை. ஒரே இரும்பில் இப்படி இரண்டு நிலை இருந்தால் காற்று குறைந்த பக்கம்தான் அரிபடும். அதனால்தான் டார்ச் அடித்துப் பார்க்கும்போது முதல் நாலு மரை பளிச்சென்று இருக்கும், அடி மரைகள் பொடிந்திருக்கும்.

உரம் இதைப் பல மடங்கு வேகப்படுத்தும். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு, உப்பின் பங்காளி. டிரெய்லரில் உர மூட்டை ஏற்றுகிற வண்டி, உரம் தெளிக்கும் கருவி மாட்டுகிற வண்டி இரண்டிலும் பின் ஆக்சில் துளைகள்தான் முதலில் போகும். வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

துளை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்தே எது முதலில் கெடும் என்று சொல்லிவிடலாம். வானத்தைப் பார்க்கிற துளை, அதுவும் அடி மூடிய துளை, கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். பின் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் இருப்பவை அந்த வகை. பக்கவாட்டுத் துளைகளில் சேறு நிற்கும், தண்ணீர் ஓரளவு வழிந்துவிடும். தரையைப் பார்க்கிற துளைகளுக்குத் தண்ணீரால் ஆபத்து குறைவு. ஆனால் குளவி மண்கூடு கட்டுவது அங்கேதான், மழைக்கு அந்த மண் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அடைப்பதற்கு முன், அடைக்கக் கூடாத துளைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில், நட்ட நடுவில், ஒரு சின்னத் துளை இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒரு ஸ்பிலிட் பின் தொங்கிக்கொண்டு ஆடும். எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் சீல் (எஞ்சினின் பின்பக்கமோ கியர் பெட்டியின் முன்பக்கமோ இருப்பது) கசிந்தால், எண்ணெய் கிளட்ச் தட்டில் ஏறாமல் வெளியே சொட்டுவதற்கு அந்த வழி. அந்த ஸ்பிலிட் பின் ஆடி ஆடி அதைச் சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதைக் காலித் துளை என்று நினைத்து போல்ட் போட்டு மூடினால், கசிவு இருப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. கிளட்ச் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். அதே மாதிரி கியர் பெட்டி, ஆக்சில் இவற்றின் மேல் காற்றுப்போக்கி இருக்கும். அதை மூடினால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி சீல் வழியாக எண்ணெய் தள்ளும். மரை இல்லாமல் வெறும் துளையாக இருந்தால், அல்லது அதில் பின்னோ மூடியோ தொங்கினால், கையேட்டைப் பார்க்காமல் தொடாதீர்கள்.

இன்னொன்று, துளை அடி மூடியதா, உள்ளே திறந்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் தெரியும். கம்பி முட்டி நின்றால் அடி மூடியது. எவ்வளவு ஆழம் என்று கம்பியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தால், அது கிளட்ச் அறைக்குள்ளோ எண்ணெய் அறைக்குள்ளோ திறக்கிறது. அங்கே நீள போல்ட் போட்டால் சுழலுகிற எதிலாவது போய் இடிக்கும்.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். வாட்டர் சர்வீஸ் கொடுத்துவிட்டேன் என்று சொல்வார்கள். அந்த வேகத் தண்ணீர் சேற்றை உள்ளே இன்னும் இறுக்கித்தான் அனுப்பும். முதலில் குச்சியாலோ சின்ன ஸ்க்ரூ டிரைவராலோ மண்ணைக் கெல்லி எடுங்கள். போன வருடம் ஒரு வண்டியில் ஆக்சில் மேல்துளை ஒன்றைக் கெல்லினேன். மேலே காய்ந்த களிமண், அதற்குக் கீழே ஒரு நத்தை ஓடு, அதற்கும் கீழே கறுப்பாக, மோர்க் குழம்பு பதத்தில் ஈரச் சேறு. வண்டி வயலை விட்டு ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தக் கறுப்புச் சேற்றைத் துடைத்ததும் அடி மரைகள் விரலில் செங்காவிப் பொடியாக ஒட்டின.

மண்ணை எடுத்த பிறகு, டீசலில் நனைத்த குழாய் பிரஷ்ஷை விட்டுச் சுற்றுங்கள். துப்பாக்கி சுத்தம் செய்கிற மாதிரி உருண்டையான சின்னக் கம்பி பிரஷ், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அப்புறம் கம்பரசர் காற்று. அடி மூடிய துளையில் காற்று அடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும், கண்ணாடி போடாமல் செய்யாதீர்கள். கடைசியாகப் பனியன் வேஸ்ட்டைக் குச்சியில் சுற்றி ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். ஈரத்தின் மேல் கிரீஸ் வைத்தால் அந்த ஈரத்தைப் பூட்டி வைத்தது போல ஆகிவிடும்.

சரி, கிரீஸ் மட்டும் போதுமா? ஒரு பருவத்துக்குப் போதும். அதற்கு மேல் நிற்காது. மே மாத வெயிலில் வார்ப்பிரும்பு சூடேறினால் கிரீஸ் இளகி வழியும். அடுத்த வாட்டர் சர்வீஸில் மீதியும் போய்விடும். போகாமல் இருந்தாலும் புழுதி ஒட்டி அரைபசை மாதிரி ஆகிவிடும். கிரீஸுக்கு மேல் ஒரு மூடி வேண்டும். எனக்குத் தெரிந்து மிக நல்ல மூடி, அந்தத் துளைக்கே உரிய அளவில் ஒரு குட்டை போல்ட்.

அளவு விஷயத்தில் கவனம் தேவை. இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர் மரைதான்: 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் 1.5, 12-க்கு 1.75, 16-க்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி. ஆனால் பழைய வடிவமைப்பிலிருந்து வந்த மாடல்களில் அங்குல மரை இன்றும் உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-ல் ஒத்துக்கொண்ட அந்த அங்குல மரைக்கும் மில்லிமீட்டர் மரைக்கும் கோணம் ஒன்றே, 60 டிகிரி. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அரை அங்குலத் துளையில் 12 மில்லிமீட்டர் போல்ட்டைச் செருகினால் சில சுற்று சொகுசாகப் போகும், அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து ஸ்பானரால் தள்ளினால் மரை சிதைந்துவிடும். அரை அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 13 சுற்று, அதாவது ஏறத்தாழ 1.95 மில்லிமீட்டர் இடைவெளி, 1.75 அதில் எப்படி உட்காரும்? ஐந்தெட்டு (5/8) அங்குலத்துக்கும் 16 மில்லிமீட்டருக்கும் இதே குழப்பம்தான். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. கேஜ் இல்லாவிட்டால் ஒரு விதி: போல்ட் கையாலேயே அடிவரை போக வேண்டும், போகாவிட்டால் அது அந்தத் துளைக்கு உரியது அல்ல, அல்லது துளை இன்னும் சுத்தமாகவில்லை.

போல்ட் துத்தநாக முலாம் பூசியதாக இருக்கட்டும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கறுப்பு போல்ட் போட்டால் போல்ட்டும் துளையும் சேர்ந்தே துரு ஏறி ஒன்றாகிவிடும். ஸ்டெயின்லெஸ் போடலாமா என்று கேட்பார்கள். போல்ட் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் அரிபடுவது வார்ப்பிரும்பின் மரை. நாம் காப்பாற்ற வேண்டியது மரையை, போல்ட்டை அல்ல. போல்ட் பத்து ரூபாய்ச் சாமான்.

12 மில்லிமீட்டர் துளைக்கு 20 மில்லிமீட்டர் நீள போல்ட் போதும். கம்பியில் குறித்த ஆழத்தைவிட ஐந்து மில்லிமீட்டராவது குறைவாக இருக்க வேண்டும். உள்ளே திறந்த துளை என்றால் சுவரின் தடிமனைத் தாண்டக் கூடாது. கடையில் ஏ.பி.3 என்று கேட்டால் தருகிற லித்தியம் கிரீஸே போதும். கடலோர வண்டிகளுக்கு மட்டும் தண்ணீரில் கரையாத கால்சியம் கிரீஸ் தேடி வாங்குங்கள். போல்ட்டின் மரை முழுவதும் மெலிதாகத் தடவி, வாஷருக்கு அடியிலும் ஒரு வளையம் வைத்து, கையால் திருகி, கடைசியில் ஸ்பானரால் கால் சுற்று. அதற்கு மேல் இறுக்க வேண்டாம், அது எதையும் தாங்கப் போவதில்லை.

துளை நிறைய கிரீஸை அடைத்துவிட்டு அதன் மேல் போல்ட்டைத் திருகவே கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வண்டி கிளட்ச் ஹவுசிங்கில் எண்ணெய் கசிகிறது என்று வந்தது. பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தால், ஒரு மரைத் துளையைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு விரிசல். முன்பு யாரோ அக்கறையோடுதான் செய்திருக்கிறார், துளை நிறைய கிரீஸ் வைத்து கம்பரசர் காற்றில் ஓடும் ஸ்பானர் துப்பாக்கியால் போல்ட்டை இறக்கியிருக்கிறார். கிரீஸ் அமுங்காது, போக வழியும் இல்லை. போல்ட் ஜாக்கி மாதிரி அதைத் தள்ள, வார்ப்பிரும்பு பிளந்துவிட்டது. போல்ட்டின் பக்கவாட்டில் முக்கோண அரத்தால் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்துவிட்டால் காற்றும் மிச்ச கிரீஸும் அந்த வழியாக வெளியே வந்துவிடும். நான் போடுகிற எல்லா மூடி போல்ட்டிலும் இந்தக் கோடு இருக்கும்.

தலை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் இடிக்கும் என்கிற இடத்தில் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ போடலாம். ஆனால் ஆலன் சாவி நுழைகிற அதன் குழியில் சேறு அடைந்து, நாளைக்குச் சாவியே நுழையாது. அந்தக் குழியை மெழுகு உருக்கி நிரப்பிவிடுங்கள். வண்டியை ஷெட்டில் நிறுத்திவிடும் பருவத்தில் மட்டும் ரப்பர் மூடி, பிளாஸ்டிக் மூடி பரவாயில்லை. சேற்றுழவுக்கு அவை நிற்பதில்லை.

சிலர் துணியையோ சாக்கையோ திணிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது திரி மாதிரி ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். கழிவு ஆயில் ஊற்றுவதும் வேண்டாம். எஞ்சினில் எரிந்த எண்ணெயில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும், கைத் தோலுக்கும் கெடுதல். சிலிகான் பசை வைப்பவர்கள் அதை முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிற வகை, அதுவே இரும்பை அரிக்கும். டபிள்யூ.டி.-40 அடித்தேன் என்பார்கள். 1953-ல் உருவான அந்தத் திரவத்தின் பெயரிலேயே நீரை விரட்டுவது என்றுதான் பொருள். விரட்டும் வேலையை நன்றாகச் செய்யும், காவல் காக்கும் வேலை அதற்கு அதிக நாள் முடியாது. கழுவிய பிறகு ஈரத்தை எடுக்க அடித்துத் துடைத்துவிட்டு, அதன் மேல் கிரீஸ் வைத்தால் சரி.

வண்டிக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது எல்லாத் துளையிலும் போல்ட் போட்டுக் கொடுங்கள். மரைக்குள் பெயின்ட் இறங்கினால் துருவைத் தடுக்கும் என்று தோன்றும். உண்மையில் அது உரிந்து, உரிந்த இடத்துக்கு அடியில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வருடத்துக்கு ஒரு முறை எல்லா மூடி போல்ட்டையும் கழற்றித் துடைத்து, புது கிரீஸோடு திரும்பப் போட வேண்டும். எங்கள் பக்கம் நான் ஆயுத பூஜையன்று செய்யச் சொல்வேன். எப்படியும் அன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கத்தான் போகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் அதுதான். பதினைந்து துளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். எந்தத் துளைக்கு என்ன அளவு என்பதை மட்கார்டின் உட்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டால், அடுத்த வருடம் தேட வேண்டாம்.

நாளைக்கு லோடரோ மேற்கூரையோ மாட்டுகிற அன்று, மூடி போல்ட்டை எடுத்ததும் கிரீஸை பெட்ரோலாலோ பிரேக் கிளீனராலோ முழுக்கத் துடைத்துவிடுங்கள். கையேட்டில் சொல்லும் டார்க் அளவு (எவ்வளவு முறுக்கி இறுக்குவது என்பது) பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. கிரீஸ் இருந்தால் அதே டார்க்கில் போல்ட் மிக அதிகமாக இழுபட்டுவிடும். குட்டை மூடி போல்ட்டையே லோடருக்குப் பயன்படுத்தவும் கூடாது. வார்ப்பிரும்பில் பாரம் தாங்கும் போல்ட், விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது மரையைப் பிடித்திருக்க வேண்டும். 16 மில்லிமீட்டர் போல்ட் என்றால் 24 மில்லிமீட்டர்.

கடைசியாக, போல்ட் நுழையாத அந்த முன்பக்கத் துளை. முதலில் பிட்ச் கேஜ் வைத்து, நீங்கள் போட்டுப் பார்த்தது சரியான மரைதானா என்று பாருங்கள். மரை சரிதான், துருதான் தடுக்கிறது என்றால், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, வினிகரில் நனைத்த பஞ்சைத் திணித்து வாயில் பாலிதீன் கட்டி ஒரு இரவு விடுங்கள். இங்கே பஞ்சு ஒரு இரவுக்கு மட்டும்தான். காலையில் பஞ்சை எடுத்து, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, காற்று அடித்து உலர்த்தி, உடனே எண்ணெய் விடுங்கள். அமிலம் மிஞ்சினால் மாலைக்குள் திரும்பச் சிவந்துவிடும்.

அதன் பிறகு மரை வெட்டும் கருவியான டேப்பை எடுக்காதீர்கள். வெட்டுகிற டேப் துருவோடு நல்ல இரும்பையும் சேர்த்துச் சீவிவிடும். அதே அளவு நல்ல போல்ட் ஒன்றில் நீளவாக்கில் மூன்று பள்ளம் ஹேக்ஸா பிளேடால் அறுத்து, நுனியைக் கொஞ்சம் கூம்பாக அரத்தால் தேய்த்துக்கொள்ளுங்கள். அதை எண்ணெயில் தோய்த்து அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று நகர்த்துங்கள். பள்ளத்தில் துருப் பொடி நிறைந்ததும் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். நாலைந்து தடவையில் வழி திறந்துவிடும். இறுகினால் முறுக்க வேண்டாம், பின்னால் வந்து எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். கடையில் வாங்கிய டேப்பை முறுக்கி உள்ளே உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. டேப் கடினமாக்கிய எஃகு, சாதா டிரில் அதில் ஏறாது. ஒரு துண்டை எடுக்க நான் ஒரு முழு நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

வழி திறந்ததும் கையால் போல்ட்டைப் போட்டு, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமில்லாமல் அடிவரை போனால் மற்றத் துளைகளைப் போலவே கிரீஸ் தடவி மூடிவிடலாம். போல்ட் தொளதொளவென்று ஆடினாலோ, திருகும்போது மரை பொடியாக உதிர்ந்தாலோ, லேத் பட்டறையில் சொல்லி ஹெலிகாயில் போட வேண்டும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, மரை வெட்டி, கம்பிச் சுருளை இறக்கினால் பழைய அளவு போல்ட்டே திரும்ப உட்காரும். வண்டியைப் பிரிக்கத் தேவையில்லை, முன் சக்கரத்தைத் திருப்பினால் டிரில் மிஷின் நுழைய இடம் கிடைத்துவிடும். டிரில் நேராக நிற்கிறதா என்பதை மட்டும் பக்கத்தில் ஒருவர் மூலைமட்டம் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.